கல்யாண முருங்கையை முடக்கும் முடிச்சுக் குளவி

கல்யாண முருங்கை என்கிற முள்முருங்கை, மலைத்தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறும் தாங்குமரம். சமவெளியில் உயிர்வேலி. வீட்டில் சளி பிடித்தால் அடைக்கு அரைக்கும் இலையும் அதுதான். இந்த மரத்தின் துளிர் சுருண்டு, இலையும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கினால், நோய் என்று நினைத்துப் பலர் பூஞ்சாணக்கொல்லி அடிக்கிறார்கள். அதனால் பயன் இல்லை. இது ஒரு குளவியின் வேலை.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் குளவியின் பெயர் குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே. 2004-ல்தான் புதிய இனமாக அறிவியல் உலகுக்குத் தெரிய வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவிலும் காணப்பட்டது.

எப்படித் தாக்குகிறது?

பெண் குளவியின் நீளம் சுமார் 1.5 மி.மீ. மட்டுமே. மனிதரைக் கொட்டாது. இளந்துளிரின் திசுவுக்குள் முட்டையிடும். உள்ளே புழு வளர, அந்த இடம் முடிச்சாகப் பருக்கும். சுமார் 20 நாளில் குளவியாகி, குண்டூசி முனை அளவில் துளையிட்டு வெளியேறும். முடிச்சை நறுக்கிப் பார்த்தால் சிறிய வெண்ணிறப் புழுக்கள் தெரியும். தாக்குதல் தொடர்ந்தால் இலை கொட்டி, மரமே பட்டுப்போகும். தாங்குமரம் சாய்ந்தால், பல ஆண்டு வளர்த்த மிளகுக்கொடியும் அதோடு போகும்.

பெயரில் முருங்கை இருந்தாலும், காய்க்கும் முருங்கைக்கு இந்தக் குளவியால் ஆபத்து இல்லை.

என்ன செய்யலாம்?

• முடிச்சு விழுந்த கிளைகளை வெட்டி, அன்றே எரிக்க வேண்டும். வெட்டிப் போட்ட கிளையிலிருந்தும் குளவி வெளிவரும். எனவே மூடாக்காகப் பரப்பவோ வேலியோரம் குவிக்கவோ கூடாது.

• பாதித்த தோட்டத்திலிருந்து போத்து வாங்க வேண்டாம். நல்ல மரத்துப் போத்தானாலும், இலையையும் இளந்தளிரையும் நீக்கி, முற்றிய பகுதியை மட்டும் நட வேண்டும். புதிய ஊருக்குக் குளவியைப் பெரும்பாலும் நாமே சுமந்து செல்கிறோம்.

• புழு முடிச்சுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. ஊடுருவும் மருந்தை வேரிலோ தண்டிலோ செலுத்தினால், நாம் உண்ணும் இலையிலும் பறவைகள் குடிக்கும் பூந்தேனிலும் நஞ்சு சேர வாய்ப்பு உண்டு. மிளகு படர்ந்த மரத்துக்கும், கீரைக்கு இலை பறிக்கும் மரத்துக்கும் அது வேண்டாம்.

• நலிந்த தாங்குமரத்தின் அருகிலேயே கிளைரிசிடியா அல்லது சில்வர் ஓக் நட்டு வையுங்கள். மரம் படும் முன்பே கொடியை அதில் ஏற்றலாம். புதிய தோட்டத்தில் ஒரே வகைத் தாங்குமரத்தை நம்ப வேண்டாம்.

ஹவாய் தரும் பாடம்

ஹவாய்த் தீவுகளில் 2005-ல் நுழைந்த இக்குளவி, அங்குள்ள வறண்ட காடுகளின் 'விலிவிலி' மரங்களை ஏராளமாக அழித்தது. அதுவும் முள்முருங்கையின் உறவு மரமே. ஆப்பிரிக்காவில் தேடிக் கண்டுபிடித்த யூரிடோமா எரித்ரினே என்ற ஒட்டுண்ணிக் குளவியை, பல சோதனைகளுக்குப் பின் 2008-ல் அங்கு விட்டார்கள். அதன் புழு, முடிச்சுக்குள் இருக்கும் எதிரிப் புழுக்களைத் தின்றுவிடும். மரங்கள் மீண்டும் தழைத்தன. எனினும் பூவிலும் விதையிலும் சேதம் முழுமையாக நீங்கவில்லை. அயல்நாட்டு ஒட்டுண்ணியை அரசு அனுமதியுடன், ஆய்வு நிறுவனங்கள்தான் கொண்டுவர முடியும்.

உழவர் கையில் இருப்பது கண்காணிப்பு. துளிர்க்கும் பருவத்தில் வாரம் ஒருமுறை நுனிகளைப் பாருங்கள். முதல் முடிச்சிலேயே வெட்டினால் ஒரு கிளையோடு போகும். வேலி முழுவதும் ஒரே மரமாக இருந்தால், பக்கத்துத் தோட்டத்தாரையும் சேர்த்து ஒரே நாளில் வெட்டி எரிப்பது நல்லது.