கப்பிரி முத்தப்பன்: மதில்மேல் உட்கார்ந்திருக்கும் வரலாறு

களமசேரியிலிருந்தோ வேறு எங்கிருந்தோ ஃபோர்ட் கொச்சிக்கு வரும் பள்ளிச் சுற்றுலாக்கள் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைத் தவறவிடுவதில்லை. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அது. உடல் பிறகு போர்ச்சுகலுக்குப் போய்விட்டது. ஆனாலும் கல்லறைக் கல்லைச் சுற்றிக் கம்பி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பிள்ளைகள் பெயரையும் ஆண்டையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள்.

சற்றுத் தள்ளி, மட்டாஞ்சேரியின் மங்காட்டுமுக்கில் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. சிலை இல்லை. மெழுகுவர்த்தி, சுருட்டு, கள், புட்டு, முட்டை ஆகியவை கப்பிரி முத்தப்பனுக்குப் படையல். மதபேதம் பார்க்காமல் பலரும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

கப்பிரி என்றால் ஆப்பிரிக்கர். தமிழில் 'காப்பிரி'. நம்பிக்கையில்லாதவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இதே சொல்லின் இன்னொரு வடிவம் தென்னாப்பிரிக்காவில் கொடிய வசை.

கொச்சிப் பாட்டிமார் சொல்லும் கதை இது: 1663இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது, தப்பியோடிய போர்ச்சுகீசியர்கள் செல்வத்தைப் புதைத்தார்கள். அதற்குக் காவலாகத் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று அங்கேயே புதைத்தார்கள். அந்த ஆவி இன்றும் மதில்மேல் உட்கார்ந்து சுருட்டு பிடிக்கிறது.

புதையல் செவிவழிக் கதை. அடிமைகள் கதையல்ல. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வரலாறு. அடுத்து வந்த டச்சுக்காரர்களும் யோக்கியர்களில்லை. கொச்சியிலிருந்தே மனிதர்களை வாங்கி, பத்தாவியாவுக்கும் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் அனுப்பினார்கள்.

இந்த இரண்டையும் பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. வகுப்பில் பெரும்பாலும் காமாவும் மிளகும். வீட்டில் இருட்டுக்குப் பயமுறுத்தக் கப்பிரி. விற்கப்பட்ட மனிதன் பேயாகிவிட்டான், விற்றவன் பாடமாகிவிட்டான்.

அமெரிக்காவிலும் இப்படியொரு குறையைக் கண்டுதான் கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். 50 ஆண்டுகளில் அது ஒரு மாதமாக வளர்ந்தது. நமக்கும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசையே நடத்தி, 1626இல் இறக்கும்வரை முகலாயர்களுக்குச் சிம்ம சொப்பனமாக இருந்தார். பின்னாளில் ஔரங்காபாத் ஆன நகரை நிறுவியவரும் அவரே. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழ்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இதைச் சொல்லித்தரப் புதுப் பாடப்புத்தகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுற்றுலா பஸ் இன்னும் கொஞ்சம் நகர்ந்து மங்காட்டுமுக்கில் நின்றால் போதும். வீட்டில் பாட்டி கதையை நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததும் சில கேள்விகள் கேட்கலாம். கப்பிரியின் சொந்தப் பெயர் என்ன? அவர் அம்மா எந்த ஊரில் காத்திருந்தாள்? விலை பேசியது யார்?

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: 'நம் ஊர்க்காரர்கள் அடிமை வைத்திருந்தார்களா?' வைத்திருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். கொச்சி அரசு 1854இலும் திருவிதாங்கூர் 1855இலும்தான் அதைச் சட்டப்படி ஒழித்தன. பெரியவர்கள் தயங்குவது இந்தக் கேள்விக்காகவும் இருக்கலாம்.

முத்தப்பன் என்றால் மூதாதை. பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்கரை மட்டாஞ்சேரி அப்படித்தான் அழைக்கிறது. மூதாதைக்குச் சுருட்டு வைத்தால் மட்டும் போதுமா? அவர் எப்படி இங்கே வந்தார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாமா?