பசுந்தேயிலை விலையும் கைப்பேசியும்

நீலகிரி மாவட்டத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துத் தேயிலை பயிரிடுவோர் பல்லாயிரம் பேர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்ட நிலத்தைப் பலர் தேயிலைக்கு மாற்றினார்கள். பறித்த கொழுந்தை அன்றன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். விலை ஏறட்டும் என்று வீட்டில் இருப்பு வைக்க இது நெல்லோ மிளகோ அல்ல. ஆகவே வாங்குபவர் சொன்ன விலையே விலை, போட்ட எடையே எடை என்ற நிலை நெடுங்காலம் இருந்து வந்தது.

இதை மாற்ற முதலில் கைகொடுத்தது கூட்டுறவு. 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் இத்தகைய தொழிற்சாலைகளின் கூட்டமைப்பாக இன்ட்கோசர்வ் அமைந்தது. இன்று 16 தொழிற்சாலைகளும் சுமார் 30,000 சிறு விவசாயிகளும் அதில் உள்ளனர். ஆனால் கூட்டுறவுத் தூளும் பெருமளவு ஏலத்துக்குத்தான் போகிறது. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடந்து வருகிறது. அந்நாளில் தரகர்களும் வியாபாரிகளும் ஒரு மண்டபத்தில் கூடி வாய்மொழியாக விலை கேட்பார்கள். அங்கே என்ன விலை போயிற்று என்பது மலைக்கிராமத்து விவசாயிக்கு ஏஜெண்டு சொன்னால்தான் தெரியும்.

தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய சோவியத் நாடு 1991இல் சிதறியது. 1998இல் நல்ல விலை விற்ற பசுந்தேயிலை, 2000ஐ ஒட்டிப் பாதிக்கும் கீழே இறங்கிற்று. விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகு, 2003இல், நாட்டின் முதல் மின்னணுத் தேயிலை ஏல மையமான டீசர்வ் குன்னூரில் தொடங்கப்பட்டது. வியாபாரிகள் கணினி மூலம் விலை கேட்பதால், யார் என்ன கேட்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. சில ஆண்டுகளில் பழைய ஏல மையமும் கணினிக்கு மாறியது. ஏல விலையை அடிப்படையாக வைத்து, தேயிலை வாரியம் நீலகிரிப் பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் சராசரி விலை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது.

கணினி வந்ததால் விலை உயர்ந்துவிடவில்லை. 2023 செப்டம்பரிலும் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. கைப்பேசி தருவது விலையை அல்ல, கேள்வி கேட்பதற்கான ஆதாரத்தை. அறிவித்த விலைக்குக் குறைவாகப் பட்டுவாடா ஆகியிருந்தால் உடனே கேட்கலாம்.

எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மின்னணுத் தராசாக இருந்தாலும், மூட்டை ஏற்றுமுன் முகப்பில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குவது அவசியம். ஒரு தடவைக்கு 3 கிலோ கூடுதலாகக் கழிந்தால், மாதம் 10 தடவையில் 30 கிலோ போய்விடும். அச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், மாத முடிவில் கணக்குப் பார்க்க உதவும். பல வீடுகளில் கொழுந்து பறித்துச் சாக்குக் கட்டுவது பெண்கள். கைப்பேசியோ கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது! சீட்டு வாங்கும் பெண்களும் விலை அறிவிப்பைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

தனி ஆளாகக் கேட்டால், மறுநாள் லாரி நிற்காமல் போய்விடக்கூடும். பத்து இருபது பேர் சேர்ந்து சுய உதவிக் குழுவாகப் பதிவு செய்து, ஒரே இடத்தில் எடை போட்டு அனுப்பினால் எந்தத் தொழிற்சாலையும் அவர்களை அலட்சியம் செய்யாது. சொன்ன சொல் தவறினால், மொத்த இலையையும் வேறு தொழிற்சாலைக்குத் திருப்பிவிடலாம். கொழுந்து சேகரிப்பு மையம், தராசு, வண்டி முதலியவற்றுக்குத் தேயிலை வாரியம் இத்தகைய குழுக்களுக்கு மானியம் வழங்கி வந்துள்ளது.

குழுவாகச் சேர்ந்தாலும் முற்றிய இலைக்கு விலை கிடைக்காது. சுமார் நாலரைக் கிலோ கொழுந்துதான் ஒரு கிலோ தூளாகிறது. ஆள் பற்றாக்குறையால் கத்தரிக்கோல் போட்டு அறுக்கும்போது முற்றிய இலையும் தண்டும் சேர்ந்துவிடுகின்றன. அதைப் பொறுக்கி நீக்கி, இரண்டு இலை ஒரு மொட்டாக அனுப்பும் குழுவே கூடுதல் விலை கேட்டு வாங்க முடியும்.

குழு அமைக்கும் முறை, மானியம் பற்றி அறியக் குன்னூரிலுள்ள தேயிலை வாரிய அலுவலகத்தையும், பறிப்பு முறை பற்றி அறிய அங்கேயே உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.