கடற்பாசிக்குள் ஒரு பிபி மருந்து

ரத்தக் கொதிப்புக்கு ராமிப்ரிலோ எனலாப்ரிலோ விழுங்குகிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்த மாத்திரைகளின் பூர்வீகம் பாம்பு விஷம். பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று சரியும். அதன் விஷத்திலிருந்த குட்டிப் பெப்டைடுகளை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை)ப் பார்த்துத்தான் இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரிலைச் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வேலையைச் செய்யும் பெப்டைடுகள் கடற்பாசியிலிருந்தும் கிடைக்கின்றன.

என்ன வேலை? ஆஞ்சியோடென்சின்-1 என்ற 10 அமினோ அமிலச் சங்கிலி நம் ரத்தத்தில் சுற்றுகிறது. அந்த நிலையில் அது பரம சாது. ஏ.சி.இ. என்ற நொதி அதன் நுனியில் இரண்டைக் கத்தரித்து எட்டாக்கிவிட்டால் போதும், ரத்தக் குழாய்களை இறுக்கத் தொடங்கிவிடும், பிபி ஏறும். நொதியின் வாயில் வேறு எதையாவது திணித்தால் கத்தரிப்பு குறையும். மாத்திரை செய்வது இதைத்தான்.

ஜப்பானியர் மிசோ சூப்பில் போடும் வகாமே பாசியின் புரதத்தை நொதி கொண்டு சிதைத்தபோது, வாலின்-டைரோசின், ஐசோலூசின்-டிரிப்டோபன் என்று இரண்டே அமினோ அமிலங்கள் கோத்த துணுக்குகள் கிடைத்தன. பிறவியிலேயே பிபி ஏறும் எலி இனம் ஒன்று உண்டு. 1960களில் கியோட்டோவில் உருவாக்கியது. அந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அழுத்தம் குறைந்தது. சின்னதாக இருப்பதே இவற்றின் பலம். நீளமான பெப்டைடுகளைக் குடல் மேலும் நறுக்கித் தள்ளிவிடும். இவை பெரும்பாலும் தப்பிவிடும்.

அயர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்தது டல்ஸ் என்ற சிவப்புப் பாசி. அதன் புரதத்தைச் சிதைக்க அவர்கள் பயன்படுத்தியது பப்பேன், அதாவது பப்பாளிக்காய்ப் பாலில் உள்ள நொதி! கிடைத்த 13 அமினோ அமிலப் பெப்டைடு, ஏ.சி.இ.க்கு முந்தைய படியில் இருக்கும் ரெனின் என்ற நொதியைத் தடுத்தது. சிதைத்த புரதத்தை ரொட்டி மாவில் கலந்து சுட்டார்கள். அடுப்புச் சூட்டிலும் அதன் வீரியம் போகவில்லை.

அப்படியானால் பாசியை அப்படியே தின்றால் ஆகாதா? ஆகாது. பெப்டைடு புரதத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. புரதத்தைச் சுற்றிக் கெட்டியான செல்சுவர். ஜப்பானில் அரசு அனுமதியோடு விற்ற வகாமே, நோரி ஆகிய பாசிகளின் பெப்டைடு உணவுகள்கூட, அழுத்தம் சற்றே கூடியவர்களுக்கு என்றுதான் சொல்லப்பட்டன. என்னைக் கேட்டால், இது எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கான உணவு. மாத்திரைக்கு மாற்று அல்ல.

இன்னொன்று: ராமிப்ரில் வகை மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடும், பாசியிலும் பொட்டாசியம் அதிகம், போதாததற்கு அயோடின் வேறு. சிறுநீரகக் கோளாறோ தைராய்டு தொல்லையோ உள்ளவர்கள் பாசிப் பொடி டப்பாவை வாங்கும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.