2147483647 (எண்)

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு) என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடைப்பட்ட ஒரு முழு எண் ஆகும். இதன் மதிப்பு 2³¹ − 1. இது ஒரு பகா எண். மெர்சென் பகா எண்களின் வரிசையில் எட்டாவது.

பகா எண் என நிறுவப்பட்டமை

2ⁿ − 1 என்ற வடிவிலுள்ள எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமெனில் n பகா எண்ணாக இருத்தல் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 11 பகா எண்; எனினும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பிரான்சு நாட்டின் மாரின் மெர்சென் 1644 இல் வெளியிட்ட பட்டியலில் n = 31 இடம்பெற்றிருந்தது. அதற்கான நிறுவலை லியோனார்டு ஆய்லர் கண்டார். 1772 இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார்.

இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 46341. எனவே அதற்குட்பட்ட பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் அவை ஏறத்தாழ 4,800 உள்ளன. கையால் கணக்கிடுவோருக்கு இது பெரும் சுமை. ஆய்லர் வேறு வழியில் சென்றார். 2³¹ − 1 இன் எந்தப் பகாக் காரணியும் 31 ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், காரணி 248k + 1 அல்லது 248k + 63 என்ற வடிவில் மட்டுமே இருக்க முடியும். இவ்வடிவில் 46341 இற்குள் சோதிக்க வேண்டியவை 372 எண்களே. அவற்றுள்ளும் முதலாவதான 249 (3 × 83) போன்ற பகு எண்களை விட்டுவிடலாம். மீதமுள்ள எதுவும் 2147483647 ஐ மீதியின்றி வகுக்கவில்லை.

நிறைவெண்

தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும் (6 = 1 + 2 + 3). 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128 அத்தகையது. இத்தகைய எண்கள் வியப்புக்குரியவையே அன்றிப் பயனற்றவை என்பதால், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேட மாட்டார் என ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811 இல் கருதினார். 1876 இலேயே எடுவார்டு லூக்காசு 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் எனக் காட்டிவிட்டார். அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்தது.

கணினியில்

32 பிட் குறியுடைய முழு எண்ணில் ஒரு பிட் குறிக்கும், 31 பிட்கள் மதிப்புக்கும் பயன்படுகின்றன. எனவே அதில் சேமிக்கக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. இதனுடன் 1 ஐக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் −2147483648 கிடைக்கும். 2014 திசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வைகள் இவ்வெல்லையைத் தாண்டியதையொட்டி யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது.

நேரக் கணக்கில் இதன் விளைவு பெரியது. யுனிக்சு வகை இயங்குதளங்கள் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரத்தைக் கணிக்கின்றன. 32 பிட்டில் எண்ணும் கருவிகளில் 2147483647 ஆவது நொடி 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07 மணிக்கு வரும். அடுத்த நொடியில் அவை 1901 திசம்பர் மாதத்தைக் காட்டக்கூடும். 64 பிட் கணினிகளில் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் போன்று ஒருமுறை நிறுவிப் பல்லாண்டுகள் மாற்றப்படாதவற்றிலேயே கவலை எஞ்சியுள்ளது.