பத்தரை மணி நடுக்கம்

காலை ஏழு மணிக்கு டின் பால் கலந்த தேநீர் ஒரு குவளை, காயா தடவிய வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு. பல ஆண்டுகளாக இதுதான் என் பசியாறல். பத்தரை மணிக்கு வகுப்பில் நிற்கும்போது கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். எழுத வந்த சொல்லே மறந்துபோகும். ஒரு மிட்டாயை வாயில் போட்டால் பத்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிடும். "பசி தாங்காத உடம்பு" என்பார் அம்மா. பஹாவ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த நானும் அதையே நம்பினேன்.

மாணவர்களே, இதற்கு மருத்துவத்தில் 'ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா' என்று பெயர். சாப்பிட்ட 2 முதல் 5 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் குளுக்கோஸ் அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவதுதான் இது. பட்டினி கிடந்தால் சர்க்கரை குறையலாம். சாப்பிட்ட பிறகு ஏன் குறைய வேண்டும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாப்பிடாத நேரத்தில் ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் 5 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கும். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். அப்படியானால் ஒரு லிட்டரில் 0.9 கிராம். பெரியவர் ஒருவரின் உடலில் ஓடும் 5 லிட்டர் இரத்தத்தில் 4.5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. தேநீரில் ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் மட்டுமே சுமார் 20 கிராம் சீனி இருக்கிறது!

இந்தச் சர்க்கரை இரத்தத்தில் விரைவாக ஏறும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் குளுக்கோஸைத் தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் செலுத்துகிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதையும் குறைக்கிறது. சிலருக்கு இன்சுலின் தாமதமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. உண்ட சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருப்பதால் அளவு கீழே இறங்குகிறது. உடனே உடல் குளுக்ககோனையும் அட்ரினலினையும் வெளியிட்டுத் தற்காத்துக்கொள்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அட்ரினலினின் வேலை. குழப்பமும் பார்வை மங்கலும் மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால் வருபவை.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் அலபாமா மாநில மருத்துவர் சீல் ஹாரிஸ். 1922இல் கனடாவின் டொரொண்டோ நகரில் முதன்முதலாக நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. இன்சுலின் அளவு கூடினால் நோயாளிகள் நடுங்கி வியர்ப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். ஊசியே போடாத சிலருக்கும் அதே அறிகுறிகள் இருப்பதைக் கவனித்த ஹாரிஸ், அவர்களின் உடலே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது என்று 1924இல் எழுதினார்.

ஆனால் நடுக்கம் வந்தாலே சர்க்கரை குறைந்துவிட்டது என்று முடிவு செய்யலாமா? கூடாது. பதற்றம், தூக்கமின்மை, இரத்தச்சோகை ஆகியவற்றிலும் இப்படித் தோன்றலாம். 1930களில் ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அறிகுறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் நோய் உறுதி. இன்றும் மருத்துவர்கள் இதையே பின்பற்றுகிறார்கள்.

நான் முதலில் கிளினிக்குக்குப் போனபோது மிட்டாய் தின்றுவிட்டுப் போனேன். அளவு சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது நிபந்தனையை நானே கெடுத்திருந்தேன்! பிறகு வேறொரு மருத்துவர், உணவையும் நேரத்தையும் அறிகுறியையும் இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, வழக்கமான பசியாறலைக் கொடுத்து, 5 மணி நேரம் வரை இடையிடையே இரத்தம் எடுத்தார். மூன்றரை மணி நேரத்தில் அளவு 2.8. நீரிழிவு இல்லாதவருக்கு 3.0க்குக் கீழ் போனால் கவனிக்க வேண்டும். இன்சுலின் தாமதமாகச் சுரப்பதும் தெரிந்தது. சிலருக்கு அது நீரிழிவின் முன்னறிவிப்பு. என் அப்பாவுக்கு இனிப்புநீர் உண்டு. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நான் ஏன் பயந்தேன் என்று புரிகிறதா?

மருத்துவர் எனக்கு மருந்து தரவில்லை. தட்டை மாற்றச் சொன்னார். இப்போது காலையில் தோசை, பருப்பு நிறைந்த சாம்பார், ஓர் அவித்த முட்டை, சீனி இல்லாத தேநீர். ஓய்வு நேரத்தில் ஒரு கை கடலையோ சுண்டலோ. புரதமும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்குவதால் சர்க்கரை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. அவசரத்துக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து உணவு சாப்பிட வேண்டும். மிட்டாயோடு நிறுத்திக்கொண்டால் மறுபடியும் ஏற்றம், மறுபடியும் இறக்கம். நான் ஆண்டுக்கணக்கில் செய்த தவறு அதுதான்.

எச்சரிக்கை: வெறும் வயிற்றிலோ தூக்கத்திலோ இப்படி வந்தால், மயக்கம் போட்டால், உடனே மருத்துவரைப் பாருங்கள், காரணம் வேறாக இருக்கலாம். வீட்டில் தாத்தா பாட்டி நீரிழிவு மருந்து போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை ஆபத்தாகக் குறையும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

பத்தரை மணிக்கு உங்கள் வகுப்பில் யாராவது மேசையில் தலை சாய்த்தால், "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில் என்ன சாப்பிட்டாய்?"