கரடுமுரடான பாதையும் அதிர்வடக்கியும்

யால வனத்தின் செம்மண் பாதையிலோ, வில்பத்துவின் மணல் தடத்திலோ, மீமுரே கிராமத்துக்குச் செல்லும் மலைப்பாதையிலோ ஓடும் ஜீப் வண்டிக்குப் புதிய ‘ஷொக் அப்சோபர்’ வாங்கப் புகும் ஒருவர், இருப்பவற்றுள் மிகவும் இறுக்கமானதைக் கேட்பது வழக்கம். இறுக்கமானதே உறுதியானது, உறுதியானதே நல்லது என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணை தூரம் சரியானது என்பதை அறிய, அக்கருவி செய்யும் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

அதிர்ச்சியை உறிஞ்சுவது என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். உண்மையில் அதிர்ச்சியை ஏற்பது வில்லே ஆகும். சில்லு மேட்டில் ஏறும்போது வில் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சத்தியை உடனே திருப்பித் தள்ளவும் செய்கிறது. தடுக்க ஒன்றும் இல்லையாயின் வாகனம் தொட்டில்போல மேலுங் கீழும் ஆடிக்கொண்டே செல்லும். அவ்வாட்டத்தை அடக்குவதே இக்கருவியின் தொழில். ஆதலால் தமிழில் அதனை அதிர்வடக்கி என்பது பொருத்தமாகும்.

அதன் உள்ளே எண்ணெய் நிறைந்த குழாய் ஒன்றும், அதனுள் ஏறியிறங்கும் பிஸ்டன் ஒன்றும் உள்ளன. பிஸ்டனிலுள்ள நுண்துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பிதுங்கும்போது, ஆட்டத்தின் சத்தி வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பமே அதிர்வடக்கியின் பெரும் பகை.

வரட்சிக் காலத்தில் தகரக் கூரைபோல நெளிந்துவிடும் பாதை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நெளிவுகள் முக்கால் மீற்றருக்கு ஒன்றாக இருப்பின், மணிக்கு 27 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் ஒவ்வொரு சில்லும் ஒரு வினாடிக்கு 10 முறை, ஒரு நிமிடத்துக்கு 600 முறை அடிபடும். எண்ணெய் கொதிப்பேறி இளகும். காற்றுடன் கலந்து நுரைக்கும். நுரை, துளைகளின் வழியே தடையின்றி ஓடிவிடுமாதலால், காலையில் செவ்வையாக இருந்த அதிர்வடக்கி நண்பகலில் பயனற்றதாகலாம்.

இதனாலேயே இருவகை அமைப்புகள் வழக்கில் உள்ளன. ஒன்று இரட்டைக் குழாய் உடையது. விலை குறைந்தது; வெளிக்குழாயில் கல் பட்டுச் சிறிது நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தடையின்றி ஓடும். ஆனால் உட்குழாயின் வெப்பம் வெளியேற நேரம் எடுக்கும். மற்றையது ஒற்றைக் குழாய் உடையது. இதில் உயர் அழுத்த நைதரசன் வாயு எண்ணெயை நுரைக்காமல் நெருக்கி வைத்திருக்கும். வெப்பமும் நேரே காற்றுக்குச் செல்லும். எனினும் குழாய் நசுங்கின் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். நெளிந்த பாதையில் நாள் முழுதும் ஓடும் வாகனத்துக்கு ஒற்றைக் குழாய் ஏற்றது. பாறைகளுக்கிடையே மெல்ல ஊர்ந்து செல்வதற்கு இரட்டைக் குழாயே போதுமானது.

அடுத்து நோக்கத்தக்கது வில். 1948ஆம் ஆண்டு வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டி தட்டுவில்களைக் கொண்டிருந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தின் ஒரு பகுதி தானே அடங்கும். 1970இல் வந்த றேஞ்ச் ரோவர் சுருள்வில்களைக் கொண்டது. சுருள்வில்லில் அத்தகைய உரசல் இல்லை. ஆட்டம் முழுவதையும் அதிர்வடக்கியே அடக்க வேண்டும். ஆகவே ஒரு வண்டிக்கு உரியது மற்றொன்றுக்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. பின்புறம் தாழ்ந்துபோன வண்டியைப் புதிய அதிர்வடக்கியால் உயர்த்த முயல்வதும் வீண். பாரம் தாங்குவது வில்லின் கடமை. வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சுமையையும் கணக்கிட்டு முதலில் வில்லைச் சீர்செய்து, பின்னரே அதற்கேற்ற அதிர்வடக்கியைத் தேர்தல் முறையாகும்.

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியவர்கள் நீளத்தையும் அளக்க வேண்டும். அச்சு றப்பர்க் கட்டையில் முட்டும் நிலையில் அதிர்வடக்கிக்கு இன்னும் சிறிது இடம் எஞ்சியிருத்தல் வேண்டும். இல்லையேல் அதுவே அடியை வாங்கி முறியும். சில்லு பள்ளத்தில் தொங்கும்போது அதற்கேற்ப விரிதலும் வேண்டும். குறுகியதாயின் சில்லு நிலத்தை எட்டாது அந்தரத்தில் நிற்கும்.

இனி இறுக்கத்தைப் பற்றிய வினாவுக்கு விடை காணலாம். வில் அமுங்கும்போதைக் காட்டிலும் விரியும்போதே அதிர்வடக்கி பெரும்பாலும் கூடுதலாகத் தடுக்கும். அத்தடை அளவுக்கு மீறினால், ஒரு நெளிவைக் கடந்த சில்லு கீழிறங்குமுன் அடுத்த நெளிவு வந்துவிடும். வில் முற்றாக விரிய நேரமின்றி, வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, ஈற்றில் வில்லே இல்லாதது போல அடிக்கத் தொடங்கும். அதிர்வடக்கி மிகவும் தளர்ந்திருப்பினோ சில்லு நிலத்தில் பதியாது துள்ளும். இரண்டின் முடிவும் ஒன்றே: நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

பழைய அதிர்வடக்கியில் எண்ணெய் கசிதல், றப்பர்ப் பூண்கள் தேய்தல், ரயர் ஆங்காங்கே குழிவிழத் தேய்தல் ஆகியவை மாற்றவேண்டிய காலம் வந்ததன் அறிகுறிகள். ஓர் அச்சின் இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதும் ஆயின், வண்டி வளைவில் ஒருபுறம் இழுக்கும். வாங்கச் செல்பவர், ‘எது இறுக்கமானது?’ என்று கேட்பதற்கு முன், தம் வண்டியின் வில்லையும் சுமையையும் பாதையையும் கடைக்காரருக்குச் சொல்வாராயின், பணமும் மிஞ்சும். மலைச்சரிவில் பின்னாசனத்தில் இருப்போரின் உயிருக்கும் காப்பாகும்.