முதல் குவியலில் எந்த இரண்டு?

மொத்தம் 54 அட்டைகள். ஒவ்வொன்றிலும் சிறு தொடர் ஒன்று: ‘வேலைப் பாதுகாப்பு’, ‘நன்றாக உழைத்தால் நல்ல சம்பளம்’, ‘நியாயம்’, ‘நெடுநேரம் உழைப்பது’, ‘விதிகளின் கெடுபிடி இல்லாமை’, ‘துணிந்து இறங்குவது’. நீங்கள் வேலை பார்க்க விரும்பும் இடத்தில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று இவற்றை 9 குவியல்களாகப் பிரிக்க வேண்டும். கண்டிப்பாக வேண்டும் என்கிற முதல் குவியலில் 2 அட்டைகளுக்குத்தான் இடம். அடுத்ததில் 4, பிறகு 6, 9, நடுவில் 12. அதன்பின் அதே கணக்கில் இறங்கி, வேண்டவே வேண்டாம் என்கிற கடைசிக் குவியலிலும் 2.

அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் ஓ’ரைலி, ஜெனிஃபர் சாட்மேன், டேவிட் கால்டுவெல் மூவரும் 1991-இல் வெளியிட்ட முறை இது. இதன் சூட்சுமமே அந்த இட நெருக்கடிதான். நியாயம் முக்கியமா என்று கேட்டால் ஆமாம் என்போம். சம்பளம்? அதுவும்தான். பாதுகாப்பு? அது இல்லாமலா! இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம். இரண்டே அட்டைகள் என்றதும் கை தயங்குகிறது. ஒன்றை வைக்க இன்னொன்றை எடுத்தாக வேண்டும். ஊருக்குச் சொல்லும் விருப்பம் எது, உள்ளுக்குள் இருக்கும் விருப்பம் எது என்பது அந்தத் தயக்கத்தில் தெரிந்துவிடுகிறது.

ஏன் இந்தத் தயக்கம் என்பதற்கு உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைக்கிறது. 20 நாடுகளில் திரட்டிய தகவல்களைக் கொண்டு, மனிதர்கள் பெரிதாக மதிக்கும் 10 அடிப்படை விஷயங்களை அவர் ஒரு வட்டத்தில் அடுக்கினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை முட்டிக்கொள்ளும். அதிகாரமும் சாதனையும் ஒருபுறம் என்றால், பிறர் நலம் எதிர்ப்புறம். ஆகவே, எல்லாம் ஒரே வேலையில் கிடைக்கவில்லையே என்று ஏங்குவதில் பயனில்லை.

அட்டை முறையை உருவாக்கிய மூவரும் அதே அட்டைகளை, நிறுவனத்தை நன்கு அறிந்தவர்களிடம் கொடுத்து ‘உங்கள் இடம் உண்மையில் எப்படி இருக்கிறது?’ என்றும் அடுக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டு அடுக்குகளையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்காவின் 8 பெரிய தணிக்கை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களை சாட்மேன் இந்த முறையில் ஆராய்ந்தார். சேரும்போதே பொருத்தம் அதிகமாக இருந்தவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். மனநிறைவோடு அதிக காலம் நீடித்தார்கள். சேர்ந்த பிறகு மூத்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்குப் பொருத்தம் கூடியதும் தெரிந்தது. முதல் நாளில் இருக்கும் பொருத்தமே கடைசிவரை என்றில்லை.

2005-இல் 172 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெளிவாயிற்று. நிறுவனத்தோடு உள்ள பொருத்தத்துக்கும் மனநிறைவுக்கும் நல்ல தொடர்பு உண்டு. வேலைத்திறனோடு அதற்குள்ள தொடர்பு மிகச் சொற்பம். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மகள் நல்ல பெயர் வாங்குகிறாள், பதவி உயர்வும் வந்துவிட்டது என்பதாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிடிக்காத இடத்திலும் பிள்ளைகள் திறமையாக உழைப்பார்கள். உள்ளே புழுங்குவது மதிப்பெண்ணிலோ சம்பளச் சீட்டிலோ தெரியாது.

சரி, மனதுக்குப் பிடித்த வேலை கிடைத்துவிட்டால் போதுமா? அமெரிக்க, கனடா உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களை ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் இருவரும் ஆராய்ந்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். கூண்டு கழுவுவது, சாணம் அள்ளுவது, தீனி வைப்பது அன்றாட வேலை, சம்பளம் குறைவு. இதற்காகவே பிறந்தோம் என்று நம்பியவர்கள் அந்த வேலையில் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதே நம்பிக்கையால் சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆர்வத்தோடு உழைப்பவரிடம் சம்பளமில்லாமல் கூடுதல் வேலை வாங்குவதை மற்றவர்களும் அவ்வளவு தவறாக நினைப்பதில்லை என்று 2020-இல் வெளியான வேறோர் ஆய்வு சொல்கிறது. ‘சேவை’ என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் செவிலியரையும் தனியார் பள்ளி ஆசிரியரையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதனால் வீட்டுக் கடனும் தங்கையின் படிப்புச் செலவும் தலைமேல் இருக்கும் ஒருவர் சம்பளத்தை முதல் குவியலில் வைத்தால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. எதற்காக எதை விடுகிறோம் என்று தெரிந்து வைத்தால் போதும்.

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளும், கையில் வேலைக்கான கடிதத்தோடு நிற்கும் பட்டதாரிகளும் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வெற்றுத் தாள்களை நறுக்கி, உங்களுக்கு வேண்டியதை எல்லாம் எழுதி, முதல் குவியலுக்கு இரண்டை மட்டும் எடுங்கள். பிறகு அந்தத் தாள்களோடு, நீங்கள் சேர நினைக்கும் இடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் போய், அவர் கையால் அடுக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் புன்னகையோடு பேசிய மனிதவள அதிகாரியிடம் கேட்காதீர்கள்.